எங்கள் அடுக்களையை ஓணம் வரை கொண்டுபோன அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அவருடைய நினைவு நாளுக்காகப் பூதப்பாண்டியிலிருந்தும் தோவாளையிலிருந்தும் வித்துராவிலிருந்தும் வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும், சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் பழைய கூட்டாளிகளுக்கும், எங்கள் சந்துக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "நீயே எழுது அக்கா, எனக்குத் தமிழ் வாசிக்கத்தான் தெரியும்" என்று தம்பி ஒதுங்கிக்கொண்டான். நாங்கள் இருவருமே மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் "இது சரி" என்று சொன்னதை மட்டும் வைத்திருக்கிறேன்.

அப்பா பிறந்தது பூதப்பாண்டியை அடுத்த ஒரு சிற்றூரில். நான்கு பிள்ளைகளில் கடைசி. குத்தகை வயல்தான் குடும்பத்துக்கு ஆதாரம். எட்டாம் வகுப்பு முடிந்ததும், சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசிக் கடை வைத்திருந்த தூரத்து உறவினர் ஒருவர் அழைக்கவே, அப்பா திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். கிழிந்த சாக்குகளைத் தைப்பதில் தொடங்கி, எடை போடுவது, லாரி வந்தால் சரக்கு இறக்கிக் குடோனில் அடுக்குவது என்று எல்லா வேலையும் பழகினார். அந்த உறவினரை அப்பா கடைசிவரை "முதலாளி" என்றே அழைத்தார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

தோவாளையில் பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்த அம்மாவை மணந்து, ஆரியசாலைக்குப் பின்னால் உள்ள இந்தச் சந்தில் ஓட்டு வீடொன்றில் குடியேறினார். நானும் தம்பியும் பிறந்து வளர்ந்தது இங்கேதான்.

நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மழை நாளில், தலையில் சாக்குடன் குடோன் படியில் ஏறிய அப்பா வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும், இனிச் சுமை தூக்கக் கூடாது, நெடுநேரம் உட்காரவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி அவரைக் கல்லாவில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே கால் மரத்துப்போனது. சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றுவிட்டு அப்பாவே போய், "முதலாளி, எனக்கு ஆகல்ல. வேற ஆளை வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா சொன்னதை அம்மாவே இப்போது நினைவுபடுத்தினார்: "நான் வேலைக்குப் போறேன். நீங்க வீட்டைப் பாத்துக்கிடுங்க. இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு?"

அம்மாவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. காலையில் போனால் அந்தி சாயத்தான் வருவார். சம்பளம் கொஞ்சம்தான். கடையிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோயிற்று. அதற்கு முன்பு அப்பா அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும்தான் வருவார் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்டவர், நாற்பது வயது தாண்டி, அந்த அடுக்களையைப் பொறுப்பேற்றார்.

தொடக்கத்தில் நன்றாகவே சறுக்கினார். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று துவரம்பருப்பும் பயறும் கோதுமை மாவும் வாங்கி டப்பாக்களில் அடைத்து வைத்தார். வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்தது. சுவரெல்லாம் ஈரம். ஒருநாள் பருப்பு டப்பாவைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பருப்பு முழுக்க வண்டு. மாவில் புழு நெளிந்தது. அரிசிக் கடையில் அவ்வளவு காலம் இருந்தவர் அவர். ஆனால் கடையில் சரக்கு தங்குவதில்லை, வரும், போகும். வீட்டில் ஒரு சாமானை மழைக்காலம் முழுக்க வைத்துக் காப்பாற்றுவது வேறு வேலை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அம்மா வேலை முடிந்து வந்து, நனைந்த குடையை மடக்கி வைத்துவிட்டு, டப்பாவை எட்டிப் பார்த்தார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"உனக்க ஒரு மாசத்து உழைப்பை வண்டுக்குக் கொடுத்திட்டேன் பிள்ளே" என்றார் அப்பா.

"வண்டு தின்னது போக நமக்கும் மிச்சம் வச்சிருக்குல்லா. சுளகை எடுங்க" என்றார் அம்மா.

இருவருமாகப் புடைத்தார்கள். தேறிய பருப்பை வறுத்து, மிளகும் காயமும் சேர்த்துப் பொடியாக்கி, அந்த மழைக்காலம் முழுக்கச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டோம். எங்கள் வீட்டுப் பருப்புப் பொடியைப் புகழாத சொந்தக்காரர் இல்லை. அது பிறந்த கதை இதுதான்.

மறுநாள் அப்பா அடுத்த வீட்டுச் சாந்தம்மா சேச்சியிடம் போய் நேராகவே கேட்டார். சேச்சி மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவருடைய மலையாளம் பாதி தமிழாகியிருந்தது. "அண்ணா, மழ வரும்முன்னே எல்லாம் நல்லா வறுத்து வைக்கணம். ஆறினதுக்கு அப்புறமே மூடணம் கேட்டோ. சூடோட மூடினா அவ்வளவுதான், போச்சு" என்றார் சேச்சி. புளியைக் கொட்டை நீக்கி உப்புச் சேர்த்துப் பீங்கான் பரணியில் அழுத்தி வைப்பது, பலாக்கொட்டையைச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பது, தேங்காய் மலிவாகக் கிடைக்கும்போது துருவி வறுத்துச் சம்மந்திப் பொடி இடிப்பது, எல்லாம் சேச்சி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவை. அப்பா மதில் அருகே நின்று கேட்பார், வந்து செய்து பார்ப்பார், மறுபடியும் போய்க் கேட்பார். ஒரு பெண்ணிடம் சமையல் கேட்க அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

கூச்சம் மற்றவர்களுக்கு இருந்தது. நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில், அப்பாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரியப்பா, பந்தியில் எல்லோரும் கேட்க, "எனக்க தம்பி இப்போ திருவனந்தபுரத்துல வீட்டம்மையாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்துவிட்டு எங்கள் இலைக்குப் பாயசம் வாங்கித் தந்தார். அம்மாதான் வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. இதைப் பெரியப்பாவே பலரிடமும் சொல்லியிருக்கிறார். "எழுது மக்ளே, விட்டிராதே" என்று போனில் சொல்லியும் விட்டதால் எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டில் யாரும் ஒரு வேளையும் பட்டினி இருக்கக் கூடாது. "எனக்குப் பசியில்ல" என்று அம்மா தட்டைத் தள்ளினால் கோபம் வந்துவிடும். "பட்டினி கிடக்கதுக்குப் பேரு மிச்சம் பிடிக்கதில்ல. திங்கதுக்குத்தான் மிச்சம் பிடிக்கோம்" என்பார். எது முதலில் கெடுமோ அது முதலில் சமையலுக்கு வரும். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்துப் பள்ளி விட்டு வரும் எங்களுக்குக் கொடுப்பார். பழைய சோற்றை ஒருநாளும் கொட்டியதில்லை. இவ்வளவு கணக்காக இருந்தும், நாங்கள் பசியோடு படுத்ததாக எனக்கு நினைவே இல்லை.

அம்மாவோடு வேலை பார்த்த லீலா அக்காவுக்கு மலையடிவாரத்து வித்துராவில் வீடு. மாசி மாதம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு பறிக்கும் காலத்தில், ஊரே சேர்ந்து அந்தக் கப்பையை அரிந்து, பாதி வேகவைத்து, பாறையில் உலர்த்துவார்கள். உதவிக்கு வருகிறவர்களுக்கும் பங்கு உண்டு. லீலா அக்கா கூப்பிட்டதும் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வளைவு வரும்போதெல்லாம் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே ஆண்கள் கூடை சுமந்தார்கள், பெண்கள் தோல் சீவினார்கள். அப்பா தயங்கி நின்றார். லீலா அக்காவின் கணவர் ஒரு கத்தியைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "அண்ணன் சுமக்கண்டாம், அரிஞ்சு தந்தா மதி, போதும்" என்றார்.

"அரியதுக்கு என்ன, அந்தி வரை அரிஞ்சு தாறேன்" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் நின்றும் அன்று முழுக்க அரிந்தார். அடிபட்ட பிறகு, நாலு பேரோடு சேர்ந்து அவர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தது அன்றுதான். முகமே மாறியிருந்தது. உலர்ந்த கப்பையைச் சாக்கில் கட்டி, லீலா அக்காவின் கணவர் பின்னொரு நாள் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார்.

அந்தச் சாக்கு இல்லாதிருந்தால் அந்த ஆண்டு என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. மழை தொடங்கியதும் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அப்பா டப்பாக்களையும் பரணிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அரைச் சாக்கு அரிசி, வறுத்த பருப்பு, பொடிகள், புளி, மண்ணில் புரட்டிய பலாக்கொட்டை, உலர்ந்த கப்பை. "ஓணம் வரைக்கும் ஓட்டிரலாம். அதுக்குள்ள அம்மைக்குச் சரியாயிரும்" என்று எங்களிடம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஊரில் சொல்லி, அறுவைச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க நாளாகும். பெரியப்பாவும் பெரியம்மாவும் அவர்களுடைய மகள் செல்வி அக்காவும், ஒரு கொட்டும் மழையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்பா எல்லோருக்கும் சோறும் ரசமும் தேங்காய் போட்ட பலாக்கொட்டைத் துவரனும் பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு காரியம் சொல்லணும். இவளுக்கு வேலைக்குப் போக முடியல்ல. இப்போ அடுக்களையில இருக்க சாமானத்தை வச்சுத்தான் ஓடுது. மதியம் சோறு, ராத்திரி கஞ்சியும் கப்பையும். எங்களுக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான். மதினிக்கும் இவளுக்கும் மட்டும் தனியா வைப்பேன்."

பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "தெரிஞ்சா வந்திருப்பேனாடே? ஆஸ்பத்திரி பக்கத்துல சத்திரம் ஏதாவது இருக்கும். நாங்க போய்க்கிடுதோம்" என்று எழுந்து பையை எடுத்தார்.

அப்பா பையின் மறு காதைப் பிடித்துக்கொண்டார். "இருக்கதைச் சொன்னேன் அண்ணே, போகச் சொல்லல்லியே. வீட்டுக்கு ஆளு வந்தா இல்லேண்ணு சொல்லாண்டாம்ணுதானே இதையெல்லாம் உணக்கி வச்சேன்? நீங்க இப்போ போனா, நான் செஞ்சதெல்லாம் எதுக்கு?"

இருவரும் பையைப் பிடித்தபடி நின்றார்கள். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் ஈனமாக வந்தது: "மதினி எவ்வளவு நேரமா நிக்காவ. எனக்க பக்கத்துல பாய் போட்டுக் கொடுங்க."

பெரியப்பா பையை விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அப்பா சுளகோடு உட்கார்ந்தபோது, பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்து அமர்ந்து, "என்ன செய்யணும், சொல்லு" என்றார். அப்பா பலாக்கொட்டைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். ஊரில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காதவர் என்று செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று முதல் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்துதான் அடுக்களையை நடத்தினார்கள். பெரியம்மாவுக்குப் படுக்கை கிடைத்த பிறகு, கஞ்சியும் பொடியும் தூக்குப் பாத்திரத்தில் தினமும் பஸ் ஏறின. சாந்தம்மா சேச்சி முருங்கைக் கீரையும் பப்பாளிக் காயும் மதில்மேல் வைத்துவிட்டுப் போவார். கொடுத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனாலும் கணக்குப் போட்டது நாலு பேருக்கு. கர்க்கடக மாதம், நம் ஆடி, பாதி கழிவதற்குள் அரிசிச் சாக்கு தொய்ந்துவிட்டது. அப்பா என்னை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். வேலையை விட்ட பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவே இல்லை. முதலாளி எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளி, குடோனைக் கூட்டினா சிந்தின அரிசி கிடைக்கும்லா. கோழித் தீவனத்துக்குக் கொடுப்பியளே, அதைக் கொஞ்ச நாளைக்கு எனக்குத் தாங்க. புடைச்சு எடுத்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

"என்ன பேச்சு பேசுதீரு? ஒரு சாக்கு எடுத்திட்டுப் போம்."

"சாக்கு வேண்டாம். வாங்கினா அப்புறம் உங்க முகத்தைப் பாக்கதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கும். சிந்தினது போதும்."

முதலாளி பிடித்திருந்த கையை விட்டார். "சரி, உம்ம இஷ்டம்" என்றார்.

முதல் பை வந்தபோது அதில் கல்லும் உமியும் சணல் துணுக்கும் கிடந்தன. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பொறுக்கினோம். அடுத்த வாரம் வந்த பையைத் தட்டில் கொட்டினோம். அம்மா அப்போது எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார். தட்டில் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கல்லே இல்லியே" என்றார். அப்பாவும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "சாக்குக்குள்ளேயே சிந்தியிருக்கும்போல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளியிடம் அதைப்பற்றி அவர் கேட்கவில்லை. மறுநாள் சம்மந்திப் பொடி இடித்து, வாழையிலையில் பொதிந்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். முதலாளியும் எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். மழை ஓயும்வரை வாரந்தோறும் அரிசி வந்தது, பொடி போனது.

பெரியம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை என்று சொன்னார்கள். ஓணத்துக்கு முந்திய வாரம் அம்மா மறுபடியும் வேலைக்குப் போனார். திருவோணத்தன்று சேச்சி வீட்டுப் பாயசத்தோடு எல்லோரும் ஒன்றாக இலை போட்டுச் சாப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும் அப்பா காலியான டப்பாக்களையும் பரணிகளையும் கழுவி, முற்றத்து வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எல்லாத்தையும் நாங்க காலி பண்ணிட்டோமேடே" என்றார்.

"காலியாகத்தானே வச்சது? ஒரு ஆளும் குறையாம வந்து சேந்துட்டோம்லா, அது பாருங்க" என்றார் அப்பா.

அடுத்த அறுப்புக்குப் பெரியப்பா நெல்லோடு வந்தார். அதன்பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும், தம்பியைப் பக்கத்தில் உட்கார்த்தாமல் அவர் பந்தியில் அமர்ந்ததில்லை.

பிறகு காலம் மெல்ல மாறியது. அம்மாவுக்கு வேலை நிரந்தரமானது. நான் படித்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். தம்பி கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். ஃபிரிட்ஜும் வந்தது. ஆனாலும் அடுக்களைப் பொறுப்பை அப்பா விடவில்லை. கொரோனாவில் கடைகள் அடைத்தபோது, எதிர் மாடியில் தங்கியிருந்த திருநெல்வேலிக் கட்டிட வேலைக்காரர்கள் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பருப்புப் பொடியும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களில் இருவர் அப்பாவின் இறுதி யாத்திரைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து, தோள் கொடுத்தார்கள். அவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே அந்த விஷயம் தெரியும்.

கடைசி ஆண்டில் இருதயம் தளர்ந்து, உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததே அப்போதுதான். தனக்குக் கூடாது என்று தெரிந்தும், யாரோ நார்த்தங்காய் கொண்டுவந்து கொடுத்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுருள் சுருளாக நறுக்கி உப்பில் ஊறப்போட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் தம்பியின் மனைவியிடம் அவர் கேட்டது இரண்டே விஷயம். பார்க்க வந்தவர்கள் சாப்பிட்டார்களா? நார்த்தங்காயை வெயிலில் வைத்தாயா? ஒரு காலை வேளையில், அம்மா கையைப் பிடித்திருக்க, வேதனையில்லாமல் அப்பாவின் மூச்சு அடங்கியது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், மகளைப் போல் பணிவிடை செய்த தம்பியின் மனைவிக்கும் நன்றி. சாந்தம்மா சேச்சி இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் மூலம் அவருக்கு எங்கள் நன்றி. வித்துராவிலிருந்து வந்திருக்கும் லீலா அக்காவுக்கும் அவர் கணவருக்கும், முதலாளியின் குடும்பத்தாருக்கும், இந்தத் தள்ளாத வயதிலும் தன் தம்பியின் காரியங்களுக்கு முன்னின்ற பெரியப்பாவுக்கும், பெரியம்மாவுக்கும், செல்வி அக்காவுக்கும் நன்றி. அப்பாவிடம் அடுக்களையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

அப்பா போட்ட நார்த்தங்காய் பரணியில் அப்படியே இருந்தது. அவர் கை பட்டதாயிற்றே, பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நானும் தம்பியும் நினைத்தோம். அம்மா சம்மதிக்கவில்லை. "வச்சுப் பாக்கதுக்கா அவிய அதைப் போட்டாவ? வாறவங்களுக்கு இலையில வையுங்க" என்றார். இன்று மதியம் உங்கள் இலையின் ஓரத்தில் இருக்கப்போவது அதுதான். எல்லோருக்கும் ஒரு துண்டு வரும். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

மூத்த மகள்